ஆயில் குடிக்கும் பழைய காரும் ஒரு நைலான் கயிறும்

கேள்வி: என்னிடம் இருப்பது 22 வருடப் பழைய பெட்ரோல் கார். நாலு சிலிண்டர். அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன். 1,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் குபுக்கென்று நீலப் புகை வருகிறது, அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. நீளமான இறக்கத்தில் இறங்கி மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதே புகை. 1,200 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஐடிலில் நிற்கும்போது வண்டி லேசாக உதறுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, இன்ஜினை இறக்கி முழுசாக வேலை பார்க்கணும் என்கிறார். அவர் சொன்ன தொகை காரை விற்றால் கிடைப்பதைவிட அதிகம். என்னிடம் ஒரு ஸ்பேனர் செட், ஒரு ஜாக்கி, ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. வீட்டிலேயே நானே செய்ய முடியுமா? ஆயிலைக் கெட்டியாக்கும் டப்பா ஒன்றை ஊற்றிச் சமாளிக்கலாம் என்கிறார் நண்பர். அது சரியா?

பதில்:

தம்பி, முடியும். ஆனால் நீங்கள் பயப்படுகிற வேலை வேறு, உங்கள் வண்டி கேட்கிற வேலை வேறு என்றுதான் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது.

புகையின் நிறத்தை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் அது எப்போது வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. இன்ஜின் ராத்திரி முழுக்க நிற்கும்போது இன்ஜினின் மேல் மூடியான ஹெட்டின் மேல்பக்கம் தேங்கியிருக்கும் ஆயில், காற்றையும் புகையையும் விட்டு அடைக்கும் வால்வுகளின் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது. காலையில் முதல் நெருப்பில் அது எரிகிறது, புகை வருகிறது. எரிந்து தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. இறக்கத்தில் நடப்பதும் அதுதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று போகும் வழியிலுள்ள த்ராட்டில் மூடிக்கொள்கிறது. இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றுகிறது. காற்று உள்ளே வரும் இன்டேக் பக்கம் உறிஞ்சல் ஏகத்துக்கும் கூடி, வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் ஆயிலை உள்ளே இழுக்கிறது. மறுபடி மிதிக்கும்போது அது புகையாக வெளியே போகிறது.

பிஸ்டனைச் சுற்றி அடைத்திருக்கும் ரிங் தேய்ந்த வண்டி இப்படி நேரம் பார்த்துப் புகைக்காது. மேடு ஏறும்போது, இழுக்கும்போது, முந்தும்போதெல்லாம் தள்ளும். சூடான பிறகும் நிற்காது. அதனால் என் முதல் சந்தேகம் வால்வு சீல் மேல். விரல் நுனி அளவு ரப்பர் தொப்பி அது, ஒவ்வொரு வால்வுக்கும் ஒன்று. 22 வருடம் கொதிக்கிற ஆயிலில் கிடந்தால் ரப்பர் ரப்பராக இருக்காது, கட்டையாகிவிடும்.

உங்கள் மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. முழுசாகப் பிரித்துச் செய்தால் அவரால் பொறுப்பேற்றுக்கொள்ள முடியும். பாதி வேலை செய்து கொடுத்தால் இரண்டே மாதத்தில் வண்டி திரும்பி வரும், திட்டும் கூடவே வரும். நானும் வாடிக்கையாளர்களிடம் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பார்ப்பவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஒவ்வொரு படியாகப் போகலாம், எந்தப் படியிலும் நிறுத்தலாம்.

இன்னொன்று. 1,200 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது உங்களைக் கலவரப்படுத்தியிருக்கிறது. நல்ல செய்தி இல்லைதான். ஆனால் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை இருக்கலாம் என்று தங்கள் கையேட்டிலேயே எழுதிய கார் கம்பெனிகள் உண்டு. அளவு பார்த்து ஊற்றிக்கொண்டே இருந்தால் இன்ஜின் நாளைக்கே சாகாது. அவசரம் வேண்டாம். ஆனால் நீண்ட நாள் விட்டால் எரிந்த ஆயில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும்.

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒரு கதை. தொழிலுக்கு வந்த நாலாவது வருடம், ஆயில் குடிக்கிறது என்று வந்த வண்டி ஒன்றைப் பிரித்தேன். ரிங் மாற்றினேன், வால்வு சீல் மாற்றினேன், கசியாமல் அடைக்கும் கேஸ்கட் எல்லாம் புதிது. பன்னிரண்டு நாள் வேலை. ஸ்டார்ட் செய்தால் பழையபடியே புகை. என் முதலாளி வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஹெட்டை மூடியிருக்கும் ராக்கர் கவரின் மேல் செருகியிருந்த கட்டைவிரல் அளவு வால்வு ஒன்றைப் பிடுங்கி என் காதருகே ஆட்டிக் காட்டினார். சத்தமே வரவில்லை. பிரீதர் வால்வு, பிசிவி என்பார்கள். திறந்தபடியே கரி பிடித்து இறுகியிருந்தது. இன்ஜினுக்குள் சேரும் காற்றை அளவாக இழுத்து இன்டேக்குக்கு அனுப்ப வேண்டியது, ஆயிலையும் சேர்த்து இழுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்று வாங்கிப் போட அஞ்சு நிமிடம் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளுக்கு நான் யாரிடமும் காசு கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

அதனால் முதலில் அதை ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதோ லொடலொட என்று உருள வேண்டும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அதன் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சுவது தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் மாற்றிவிடுங்கள். சில இன்ஜின்களில் இந்த வால்வு இருக்காது, குழாயும் சின்னத் துளையும் மட்டும் இருக்கும். அப்படியென்றால் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள், அடைப்பு இருக்கக் கூடாது.

அப்படியே ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, துவாரத்தின் மேல் அந்த மூடியைச் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் கவலை இல்லை. குப் குப்பென்று காற்று தள்ளி மூடி எகிறிக் குதித்தால் பிஸ்டனைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது ரிங் மேலும் சந்தேகம் வரும்.

அன்று ராத்திரி வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். குடிக்கிற ஆயிலில் எவ்வளவு ஒழுகுகிற ஆயில் என்பது காலையில் தெரியும். ராக்கர் கவர் கேஸ்கட் கசிந்து எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் தீய்ந்த வாடை வரும், இன்ஜின் பக்கமிருந்து புகையும் கிளம்பும். அதையும் "இன்ஜின் புகைக்குது" என்றே கணக்கில் எழுதிவிடுவார்கள்.

அடுத்தது பிளக். நாலையும் கழற்றி, எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்பது மாறாமல் ஒரு தாளில் வரிசையாக வையுங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் அந்த சிலிண்டர் நலம். காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஈரமாக, பளபளவென்று கறுப்பு என்றால் ஆயில். ஒன்று மட்டும் கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தால் அந்த சிலிண்டருக்குள் ரேடியேட்டர் தண்ணீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் தண்ணீர் குறைவதாக எழுதவில்லை, அதனால் அது இருக்காது என்று நினைக்கிறேன். உங்கள் ஐடில் உதறலுக்குக் காரணமும் இந்தத் தாளிலேயே கிடைக்கலாம். ஆயிலில் நனைந்த பிளக் சரியாகப் பொறி விடாது, மிஸ்ஸிங் ஆகும்.

இனி அளக்கிற வேலை. இந்த மொத்தக் கடிதத்திலும் நீங்கள் தவறவிடக் கூடாதது இதுதான். சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்று வாங்குங்கள், இல்லை இரவல் வாங்குங்கள். திருகிப் பொருத்துகிற வகையாக இருக்கட்டும். ரப்பர் கூம்பை வைத்துக் கையால் அழுத்துகிற வகையில் காற்று கசியும், ஒரே சிலிண்டருக்கு மூன்று தடவையும் மூன்று எண் வரும்.

வண்டியை ஓட்டி நன்றாகச் சூடாக்கிவிட்டு நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றும் முன் குழியைச் சுற்றிக் காற்றடித்துத் தூசியைத் துரத்துங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் சிலிண்டர் சுவரில் கோடு போட்டுவிடும். நாலு பிளக்கையும் எடுத்துவிட வேண்டும், ஒன்றை மட்டும் எடுத்து அளந்தால் எண் சரியாக வராது. இக்னிஷன் காயிலுக்கு வரும் கனெக்டரைப் பிடுங்குங்கள், ஃப்யூயல் பம்ப்பின் ஃப்யூஸையும் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் திறந்திருக்கும் துவாரங்கள் வழியே பெட்ரோல் தெறிக்கும், பக்கத்திலேயே பொறியும் பறக்கும். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கச் சொல்லுங்கள். த்ராட்டில் மூடியிருந்தால் காற்றே உள்ளே போகாது, நல்ல இன்ஜினும் செத்த இன்ஜின் போல எண் காட்டும்.

இப்போது ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு முள்ளைப் பாருங்கள். கடைசி எண்ணை மட்டும் எழுதிவைப்பார்கள் பலர். முள் எப்படி ஏறுகிறது என்பதையும் பாருங்கள். நல்ல சிலிண்டரில் முதல் தள்ளலிலேயே பாதிக்கு மேல் தாவும், அடுத்த மூன்று நாலு தள்ளலில் உச்சிக்குப் போய் நிற்கும். ரிங் தேய்ந்திருந்தால் முதலில் சோம்பலாக எழும், பிறகு ஒவ்வொரு தள்ளலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், ஆனாலும் எட்ட வேண்டிய இடத்தை எட்டாது. வால்வு கசிந்தால் முதல் தள்ளலிலும் தாழ்வு, கடைசித் தள்ளலிலும் ஏறக்குறைய அதே தாழ்வு.

உங்கள் காலத்துப் பெட்ரோல் இன்ஜின்களில் பொதுவாக 150லிருந்து 190 பிஎஸ்ஐ வரை வரும். சரியான எண் உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆனால் எண்ணைவிட முக்கியம் நாலுக்கும் உள்ள ஒற்றுமை. 165, 160, 162, 158 என்று வந்தால் இன்ஜினைத் தட்டிக்கொடுத்துவிட்டு வால்வு சீல் வேலைக்குப் போய்விடலாம். 165, 160, 120, 162 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரில் வில்லங்கம். அந்த சிலிண்டருக்குள் பிளக் துவாரம் வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு, சில தடவை சுற்றவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள். ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். எண் சட்டென்று ஏறினால் குற்றவாளி ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டுமே சேர்ந்து தாழ்ந்து, ஆயில் விட்டும் ஏறவில்லை என்றால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

வால்வு என்று வந்தாலும் உடனே ஹெட்டைக் கழற்ற ஓடாதீர்கள். ராக்கர் கவரைத் திறந்து டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியை, மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். இருக்க வேண்டிய இடைவெளி இல்லாமல் இறுகிக் கிடந்தால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டு சரிசெய்யக்கூடியதை ஹெட் வேலை என்று கணக்குப் போட்டு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எக்ஸாஸ்ட் வால்வுக்கு இன்டேக்கைவிடச் சற்று அதிக இடைவெளி விடுவது வழக்கம். எத்தனை மில்லிமீட்டர், சூட்டிலா குளிரிலா என்பதைக் கையேட்டைப் பார்த்தே வையுங்கள். சில இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் இருக்கும், அதில் நீங்கள் திருப்புவதற்கு ஒன்றும் கிடையாது.

கையேடு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வண்டியோடு கொடுக்கிற சின்னப் புத்தகம் அல்ல, ஒர்க்‌ஷாப் மேனுவல். உங்கள் மாடலுக்கானது பழைய புத்தகமாகக் கிடைத்தாலும் வாங்கிவிடுங்கள். பட்ஜெட்டில் முதல் செலவு அதுதான்.

சரி, கம்ப்ரஷன் நாலும் ஒத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வால்வு சீல் மாற்ற ஹெட்டைக் கழற்ற வேண்டியதே இல்லை. பலர் நம்ப மாட்டார்கள். சிக்கல் இதுதான்: வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றினால் வால்வைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை, சிலிண்டருக்குள் விழுந்துவிடும். கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் பிளக் துவாரம் வழியாகக் காற்றடைத்து வால்வைத் தாங்கிப் பிடிப்பார்கள். உங்களிடம் கம்ப்ரஸர் இல்லை. சுண்டுவிரலைவிடச் சற்று மெல்லிய நைலான் கயிறு இருந்தால் போதும்.

முதலில் டேப்பட் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, ராக்கர் ஷாஃப்டின் போல்ட்டுகளை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றுங்கள். ஒரே பக்கம் முழுசாகக் கழற்றினால் ஷாஃப்ட் வளையும். ராக்கர்கள் போனதும் எல்லா வால்வுகளையும் ஸ்பிரிங்கே மூடிப் பிடித்திருக்கும். இப்போது முதல் சிலிண்டரின் பிஸ்டன் கீழே இருக்கும்படி இன்ஜின் முனையிலுள்ள சக்கரமான கிராங்க் புல்லியைக் கையால் சுற்றிக்கொண்டு, பிளக் துவாரம் வழியாகக் கயிற்றை ஊட்டுங்கள். ஒரு மீட்டர் போல உள்ளே போகும். மறுமுனை கட்டாயம் வெளியே தொங்க வேண்டும், அதில் ஒரு முடிச்சும் போட்டுவிடுங்கள். நுனி பிரிந்த கயிறு வேண்டாம், இழை உள்ளே தங்கிவிடும். பிறகு புல்லியை மெல்லச் சுற்றினால் பிஸ்டன் மேலே வந்து கயிற்றுச் சுருளை வால்வுகளோடு சேர்த்து நசுக்கும். புல்லி மெத்தென்று முட்டி நிற்பதைக் கையிலேயே உணரலாம். அவ்வளவுதான், வால்வுகளுக்கு அடியில் தலையணை வைத்தாகிவிட்டது.

ஸ்பிரிங் கம்ப்ரஸரால் ஸ்பிரிங்கை அழுத்துங்கள். இந்தக் கருவியை இரவல் வாங்கலாம், ஆனால் ஹெட் வண்டியில் இருக்கும்போதே பயன்படுத்துகிற வகையாகக் கேளுங்கள். ஸ்பிரிங் இறங்கியதும் தண்டின் உச்சியில் அரை நெல்லிக்காய்க் கொட்டை மாதிரி இரண்டு சின்னத் துண்டுகள் விடுபடும், வால்வு லாக். காந்தக் குச்சியால் எடுங்கள். இதற்கு முன்பே ஹெட்டில் ஆயில் இறங்கும் துளைகளிலெல்லாம் துணியைச் செருகியிருக்க வேண்டும். ஒரு லாக் துளைக்குள் விழுந்தால் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றித் தேட வேண்டியதுதான். எத்தனை துணி செருகினீர்கள் என்று எண்ணி எழுதிவையுங்கள், மூடும்போது அத்தனையும் வெளியே வந்ததா என்று பாருங்கள்.

பழைய சீலை இடுக்கியால் திருகி இழுத்தால் வந்துவிடும். அதை விரலால் நசுக்கிப் பாருங்கள், புதியதையும் நசுக்கிப் பாருங்கள். புதியது பென்சில் அழிப்பான் மாதிரி அமுங்கும். பழையது நகம் படாமல் நிற்கும், சில சமயம் பிளாஸ்டிக் போலச் சொடுக்கென்று உடையும். அந்த ஒரு நொடியில் உங்கள் காலைப் புகைக்கு விடை கிடைத்துவிடும். வால்வுத் தண்டை இரண்டு பக்கமும் ஆட்டியும் பாருங்கள். நன்றாகவே ஆடினால் தண்டு ஓடும் குழலான கைடு தேய்ந்திருக்கிறது, அதில் புது சீல் போட்டாலும் வெகுநாள் நிற்காது.

புது சீலைப் போடும்போது தண்டில் ஆயில் தடவி, லாக் உட்காரும் பள்ளத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். சீல் செட்டோடு வரும், வராவிட்டால் கெட்டியான பாலிதீன் துண்டைச் சுற்றிக்கொள்ளலாம். அந்தப் பள்ளத்தின் விளிம்பு கத்தி மாதிரி. அதில் உரசினால் புது சீலின் உதடு கிழிந்து, வேலை முடிந்த மறுநாளே பழைய புகை. இன்டேக்குக்கும் எக்ஸாஸ்டுக்கும் சீல் வேறு வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். சரியான அளவு சாக்கெட்டை மேலே வைத்துக் கையாலேயே அழுத்துங்கள், அடியில் போய் உட்கார்ந்தது தெரியும். இப்படி ஒவ்வொரு சிலிண்டராக. முதல் தடவை செய்பவருக்கு ஒரு முழு ஞாயிறு போகும். நாலாவது சிலிண்டரை முதல் சிலிண்டருக்கு ஆன நேரத்தில் பாதியில் முடிப்பீர்கள்.

உங்கள் இன்ஜினில் ராக்கர் ஷாஃப்ட் இல்லாமல், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் நேராக வால்வின் மேலேயே உட்கார்ந்திருந்தால், கேமையே எடுக்க வேண்டும். அதற்கு கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். வேலை ஒரு படி பெரிதாகிறது, முடியாத வேலை இல்லை.

பெல்ட் என்றதும்தான் ஞாபகம். அது கடைசியாக எப்போது மாறியது என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் புகையைவிட எனக்கு அதுதான் பயம். உங்கள் இன்ஜினில் இருப்பது செயின் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பெல்ட் என்றால், கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வயதுக்காகவே மாற்ற வேண்டும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்த கணத்தில் பிஸ்டன் வந்து திறந்திருக்கும் வால்வில் மோதும், வால்வெல்லாம் வளையும். அப்போது உங்கள் மெக்கானிக் சொன்ன தொகை நிஜமாகவே தேவைப்படும். எப்போது மாற்றினார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றுங்கள். அந்தப் பெல்ட்டாலேயே வாட்டர் பம்ப் ஓடுகிறதென்றால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். ஆகவே பெல்ட் போட்டு, புல்லிகளில் உள்ள மார்க்கைச் சேர்த்ததும், பிளக்குகள் கழற்றியிருக்கும்போதே கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, எல்லா மார்க்கும் மறுபடி நேராக வந்து நிற்கிறதா என்று பாருங்கள். நடுவில் எங்காவது முட்டினால் பலம் காட்டாதீர்கள், பெல்ட்டை எடுத்து மறுபடி சேருங்கள். அதற்கு முன் சாவியைத் தொடக் கூடாது.

சீல் மாற்றி முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போதும் புகை வரும், மனம் உடைந்துவிடாதீர்கள். சைலன்ஸருக்குள் பல வருட ஆயில் ஊறிக் கிடக்கிறது, அது எரிந்து தீர வேண்டும். இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அளந்ததில் வால்வு கசிகிறது என்றே வந்து, டேப்பட்டும் சரியாக இருந்தால் ஹெட்டை இறக்க வேண்டும். இதுவும் வீட்டில் ஆகும். நான் பார்த்த, செய்த தப்புகளை மட்டும் சொல்கிறேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஹெட் போல்ட்டைத் தொடாதீர்கள், அலுமினிய ஹெட் வளைந்துவிடும். ராத்திரி முழுக்க ஆறட்டும். தளர்த்தும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு, இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டுமே படிப்படியாக. கழற்றுகிற போல்ட்டுகளை அட்டையில் இன்ஜினின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்திவையுங்கள். மொபைலில் எடுத்த படம் பயன்படும்தான், ஆனால் மூன்று வாரம் கழித்து ஒரே மாதிரி தெரிகிற பத்து போல்ட்டில் எது நீளம் எது குட்டை என்று அது சொல்லாது.

சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் மேல்முகத்தைச் சுரண்ட உப்புத்தாள் வேண்டாம். அந்தத் தூள் ஆயில் வழிக்குள் போய் பேரிங்கைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். போல்ட் இறங்கும் குழிகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் துணிக்குச்சி விட்டு ஒற்றி எடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை விட்டுவிட்டேன். போல்ட்டை இறுக்க இறுக்க, அடியில் சிக்கிய ஆயிலுக்குப் போக வழி இல்லை. டிக்கென்று ஒரு சத்தம், பிளாக்கில் மயிரிழை போல விரிசல். திரவம் அமுங்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஹெட்டின் அடிமுகத்தில் நேரான எஃகுப் பட்டையை வைத்து அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தாள் தாராளமாக நுழைந்தால் கையேட்டில் உள்ள எல்லையைப் பார்த்து, தாண்டியிருந்தால் லேத் பட்டறையில் முகத்தைச் சமமாக்கும் ஃபேஸிங்குக்குக் கொடுங்கள். வால்வை பேஸ்ட் தடவி வீட்டிலேயே தேய்த்து உட்காரவைக்கலாம், சாம்பல் நிறத்தில் அறுபடாத வளையம் தெரியும் வரை. விளிம்பு கருகிப் பள்ளம் விழுந்த வால்வைத் தேய்த்துக்கொண்டிருப்பது நேர விரயம், புதிது வாங்குங்கள். ஹெட் போல்ட் ஒருமுறை இழுபட்டால் மறுமுறை உதவாது என்று கையேடு சொன்னால் அதையும் புதிதாகவே வாங்குங்கள். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட்டை இறுக்காதீர்கள். இரவலோ வாடகையோ, அது கைக்கு வரும்வரை வேலை நிற்கட்டும். "கை பழக்கத்தில் தெரியும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பழக்கத்துக்கு அவர் எத்தனை போல்ட்டை முறித்தார் என்று கேளுங்கள்.

ரிங் என்று வந்தால்? அங்கே நான் உங்களை நிறுத்துவேன். ரிங் மாற்றுவது கஷ்டமில்லை, ஆனால் சிலிண்டர் துளையான போர் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது ரிங் அதில் உட்காராது. ரீபோர், கிராங்க் கிரைண்டிங், வால்வு கைடு மாற்றுவதெல்லாம் மெஷின் வேலை, வீட்டில் ஆகாது. அந்த நிலையில் ஓடுகிற நிலையிலுள்ள பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாற்றுவது மலிவாக முடியலாம். ஆனால் அதையும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்த பிறகே வாங்குங்கள். அடியிலிருந்து லோடு ஏறும்போது டொக் டொக்கென்று கனமான சத்தம் வந்தாலோ, சூட்டில் ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கினாலோ மேலே சொன்ன எதையும் தொடங்க வேண்டாம். வண்டியை ஓட்டுவதையும் நிறுத்திவிடுங்கள்.

உங்கள் ஜாக்கி பற்றி ஒரு வார்த்தை. அது தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இல்லை. ஸ்டாண்ட் இரண்டு வாங்கும்வரை வண்டிக்கு அடியில் உங்கள் தலை போகக் கூடாது. பிரிக்கும் வேலையை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கழுவ பெட்ரோல் வேண்டாம், மண்ணெண்ணெய் போதும். மூடிய கொட்டகையில் இன்ஜினை ஓட்டிப் பார்க்காதீர்கள். அந்தப் புகையில் மூச்சடைக்கிற வாயுவுக்கு வாடை கிடையாது.

நண்பர் சொன்ன டப்பா விஷயம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆயிலை வெறுமனே கெட்டியாக்கும். புகை கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், காலைக் குளிரில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், அவ்வளவுதான் லாபம். இன்னொன்று இறுகிய ரப்பரை ஊறவைத்து மெத்தாக்கும். சில வண்டிகளில் சில மாதம் தாக்குப்பிடித்ததைப் பார்த்திருக்கிறேன், உடைந்துபோன சீலுக்கு அதனாலும் பயனில்லை. அதை மாதாமாதம் வாங்குவதற்குப் பதில் ஒரு சீல் செட் வாங்கிவிடலாம். உங்கள் கையேட்டில் வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ற ஆயில் கிரேடுகள் ஒரு அட்டவணையாக இருக்கும். அது அனுமதிக்கிறவற்றில் கெட்டியானதை ஊற்றுங்கள், அதைத் தாண்ட வேண்டாம். இன்ஜினைக் கழுவும் ஃப்ளஷ் எதையும் ஊற்றாதீர்கள். இத்தனை வருடக் கசடு ஒரே நாளில் பெயர்ந்து சம்ப்பின் வடிகட்டியை அடைத்தால் பேரிங்குக்கு ஆயிலே போகாது.

முதல் ஞாயிறு பிரீதர், அட்டை, பிளக். இரண்டாவது ஞாயிறு கம்ப்ரஷன். நாலு சிலிண்டருக்கும் ஆயில் விடாமல் அளந்த எண், ஆயில் விட்டு அளந்த எண், ஆக எட்டு எண்களையும், முள் எப்படி ஏறியது என்பதையும், பெல்ட் மாற்றிய தேதி எங்காவது கிடைத்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை ரிங் செட் எதுவும் வாங்கிவிடாதீர்கள்.